ஒழுக்கத்திற்கு முன் காட்சி

மாணவனைத் திருத்தும் பொருட்டு ஆசிரியர் அடிக்கும் அடி ஹிம்சையாகுமா? நம் சமூகத்தில் ஆசிரியப் பணி ஏற்றோர் பலர் உள்ளனர். ஆதலின் இதனை ஏட்டளவில் நின்றுவிடும் வினாவாகக் கொள்வதற்கில்லை. காலையில் ஜினாலயத்தில் பஞ்ச நமஸ்காரம் சொல்லித் தொழுதவர், சற்று நேரத்தில் நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறைக்குள் நுழைகிறார். அங்கே ஒருவன் புத்தகத்தை வீசி எறிகிறான். ஒருத்தி கேட்ட கேள்விக்கு வாய் திறவாமல் சுவரையே பார்த்திருக்கிறாள். மற்றொருவன் பக்கத்துப் பிள்ளையை அளவுகோலால் அடிக்கிறான். அந்தக் கணத்தில் நம் ஆசிரியரின் அஹிம்சை எங்கே நிற்கிறது?

ஊர் வழக்கு நெடுங்காலம் பிரம்பின் பக்கமே நின்றது. "அடியாத மாடு படியாது" என்றார்கள். "முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்றார்கள். கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று சொல்லிப் பெற்றோரே பிள்ளையை ஒப்படைத்த காலமும் இருந்தது. சட்டம் இப்போது மாறிவிட்டது. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் உடல் தண்டனைக்கு இடந்தந்த 51-ஆம் விதி 2003-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில், உடலை வருத்துவதோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்தது. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தடையைப் பள்ளிதோறும் நடைமுறைப்படுத்துமாறு அரசுக்கு மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இயற்றிய சட்டத்தை மறுபடியும் நினைவூட்ட நேர்ந்தது என்றால், பழைய வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பது விளங்கும்.

ஆனால் சட்டம் செய்யத் தகாததைச் சொல்கிறது. செய்யத் தக்கதைக் கற்பிப்பதில்லை. "பிரம்பைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக என் கையில் எதைக் கொடுத்தீர்கள்?" என்று ஓர் ஆசிரியர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. அதற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐந்து குற்றங்கள்

இல்லறத்தார்க்கு உரிய அஹிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் அவ்வாறே வகுக்கிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்க முடியாத சுமை ஏற்றல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. நம் பொறுப்பிலும் அதிகாரத்திலும் அடங்கி வாழும் உயிர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை இவை. வண்டி மாட்டையும் வேலையாளையும் காட்டி உரைகாரர்கள் இவற்றை விளக்குவது வழக்கம்.

இந்த ஐந்தையும் கையில் ஏந்திக்கொண்டு பள்ளிக்கூடத்திற்குள் ஒரு முறை நடந்து பாருங்கள். விளையாட்டு நேரத்தில் அறையில் அடைத்துவைத்தல் முதல் குற்றத்தின் சாயல். பிரம்படி இரண்டாவது. காதைத் திருகுவதும் வெயிலில் முழங்காலிடச் செய்வதும் மூன்றாவதற்கு அருகில் செல்பவை. ஒரே வரியை நூறு முறை எழுதச் சொல்வது நான்காவது. மதிய உணவுக்கு அனுப்பாமல் நிறுத்திவைப்பதும், தண்ணீர் குடிக்கப் போக விடாததும் ஐந்தாவது. மாட்டுக்குச் செய்யலாகாது என்று முன்னோர் விலக்கியவற்றையெல்லாம் பிள்ளைக்குத் 'திருத்தம்' என்ற பெயரில் நாம் அனுமதித்து வந்திருக்கிறோம்.

இதற்கு மறுப்பாக, "எண்ணம் நல்லதாயின் செயல் ஹிம்சையாகாது அன்றோ? வைத்தியர் கத்தி வைப்பதில்லையா?" எனக் கேட்கலாம். மெய்தான், நம் ஆகமம் எண்ணத்தையே முதன்மையாகக் கொள்கிறது. கஷாயத்தின் வசப்பட்ட, விழிப்பற்ற நிலையில் உயிருக்கு ஊறு செய்வதே ஹிம்சை என்பது சூத்திரத்தின் கருத்து. ஆகவே அடிக்கும் நேரத்தில் ஆசிரியரின் உள்ளத்தில் என்ன இருந்தது என்று நோக்க வேண்டும். பெரும்பாலும் அங்கே இருப்பது குரோதம். அதைவிட ஆழத்தில் இருப்பது மானம். "நாற்பது பேர் முன்னிலையில் என்னை எதிர்த்துப் பேசுகிறானே" என்னும் குத்தல். வைத்தியர் நோயாளிமீது சினங்கொண்டு கத்தி எடுப்பதில்லை. நோய் இன்னதென அறியாமலும் எடுப்பதில்லை. நோயை அறியாமல் கத்தி வைப்பவரை நாம் வைத்தியர் என்று அழைப்பதுமில்லை. விழிப்பின்மைக்கு நம் நூல்கள் பிரமாதம் என்று பெயரிட்டன. பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என அறியாமல் தண்டிப்பதும் பிரமாதமே.

வறண்ட சீமையில் ஒரு பள்ளி

இக்கேள்வியை ஓர் ஊரின் மண்ணில் நிறுத்திப் பார்ப்போம். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் பாலவனத்தம் இருக்கிறது. மதுரையில் 1901-ஆம் ஆண்டில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இவ்வூர் ஜமீன்தார் என்பதால் தமிழறிந்தோர்க்கு இப்பெயர் புதிதன்று. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சூழ்ந்த இப்பகுதி வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கரிசல் வெடித்துக் கிடக்கும்.

இன்று நம்மவர் குடியிருப்பு இல்லாத இச்சீமை, ஒரு காலத்தில் சமண அறத்தின் கல்வி நிலமாக இருந்தது. வெண்பு நாட்டுக் குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளியின் பெயரை மதுரைச் சமணர் மலை முதலிய இடங்களின் கல்வெட்டுகள் கூறுகின்றன. அங்கே பயின்ற மாணாக்கர்கள் தொலைவிலுள்ள குன்றுகளில் திருமேனிகள் செய்வித்தபோது, இன்ன ஆசாரியரின் மாணாக்கர் இன்னார் என்றே தம்மைப் பொறித்துக்கொண்டனர். கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசாரியர்களும் அவர்தம் மாணாக்கரும் இவ்வாறே இடம்பெறுகின்றனர். கல்லில் நின்றது பாடத்தின் பெயரன்று. ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் இருந்த உறவு. துறவியர் உறைவிடத்தைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல்லே பின்னர்க் கல்விக்கூடத்திற்கு ஆகி வந்தது. அச்சொல்லோடு அந்த உறவும் வந்து சேர்ந்ததா என்பதே இப்போது நம்முன் உள்ள வினா.

மானாவாரி விளைச்சலை மட்டும் நம்பி வாழ இயலாத இந்த மாவட்டத்திற்குத் தீப்பெட்டியும் பட்டாசும் பிழைப்பாக வந்தன. விடியுமுன் ஊருக்குள் வரும் ஆலைப் பேருந்தில் ஏறிப் பிள்ளைகள் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சென்ற காலம் ஒன்று இருந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், சிவகாசியைத் தன் முதல் களங்களுள் ஒன்றாகக் கொண்டது. சிவகாசிப் பிள்ளைகளைக் குறித்து மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், விதி மீறிப் பிள்ளைகளை வேலைக்கு வைத்த முதலாளிகள் தலைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஆலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகள் நடந்தன.

பிள்ளைகள் ஆலையை விட்டு வெளியே வந்தனர். அவர்களின் தாய் தந்தையர் உள்ளேயே இருந்தனர். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டி ஆலை வெடித்து 30-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிப்பில் சுமார் 20 உயிர்கள் போயின. இவ்விரண்டுக்கும் இடையிலும் பின்னரும் சிறிதும் பெரிதுமாக நேர்ந்தவை பல. ஒவ்வொன்றுக்குப் பிறகும், ஈமக்கடன் முடிந்த சில நாளில், ஏதோ ஒரு வகுப்பறைக்கு ஒரு பிள்ளை திரும்பி வந்திருக்கும்.

பகவான் மகாவீரர் மோட்சமடைந்த திருநாள் தீபாவளி. அந்த இரவில் வெடி வெடித்தால் சிற்றுயிர்கள் மடியுமென்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். மிக நல்லது. அந்த வெடியைச் சுற்றிய கையின் சொந்தக்காரி வீடு திரும்பாதபோது, அவள் பிள்ளை மறுவாரம் பள்ளியில் எப்படி நடத்தப்படும் என்பதையும் நம் அஹிம்சை எண்ணிப் பார்க்க வேண்டும் அல்லவா?

காயத்தின் மொழி

அத்தகைய பிள்ளை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். வகுப்பில் யாரோ மேசையைத் தட்டுகிறார்கள். அல்லது கதவு காற்றில் அறைந்து சாத்துகிறது. அவன் துள்ளி எழுந்து பக்கத்தில் இருப்பவனைத் தள்ளிவிடுகிறான். ஆசிரியர் கண்டது தள்ளியதை மட்டும். கதவுச் சத்தம் அவனுக்கு எந்த நாளை மீட்டுக் கொண்டுவந்தது என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. பல வேளைகளில் அவனுக்கும் தெரியாது.

மனித உடல் ஆபத்தை உணர்ந்த கணத்தில், எண்ணிப் பார்க்கும் மூளைப் பகுதியைக் காத்திராமல் வேலை செய்யத் தொடங்குகிறது. மூளையின் உட்புறத்தில் அச்சத்தை அறியும் சிறு பகுதி ஒன்று எச்சரிக்கை எழுப்புகிறது. அட்ரினலினும் கார்ட்டிசோலும் இரத்தத்தில் பெருகுகின்றன. இதயம் விரைந்து அடிக்கிறது. எதிர்த்து அடி, அல்லது ஓடு, அல்லது அசையாமல் உறைந்து நில் என்று உடல் கட்டளையிடுகிறது. காட்டில் புலி எதிர்ப்பட்டால் உயிர் காக்கும் ஏற்பாடு இது. பெரும் இழப்பையோ நெடுநாள் கொடுமையையோ கண்ட பிள்ளைக்கு இந்த எச்சரிக்கை மணி சிறு தூண்டலுக்கும் அடித்துவிடுகிறது. வகுப்பறையில் எதிர்த்து அடித்தால் முரடன் என்கிறோம்; ஓடினால் ஓடுகாலி என்கிறோம்; உறைந்து நின்றால் மந்தம், திமிர் என்கிறோம். மூன்றும் அச்சத்தின் வேறு வேறு உருவங்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலுக்கு 'மனவடு' என்று பெயர். காயம் ஆறிய பின்னும் வடு நிற்கிறது, தொட்டால் வலிக்கிறது. இதனினும் பொருத்தமான சொல் வேறில்லை. போர் நிகழ்ந்த இலங்கையின் தமிழ்ப் பகுதிகளில் 420 பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 2009-இல் வெளியான ஆய்வில், 92 விழுக்காட்டினர் கொடிய நிகழ்ச்சிகளை நேரில் அனுபவித்தவர்கள் என்றும், 25 விழுக்காட்டினர்க்கு மருத்துவ அளவுகோலின்படியே மனவடு நோய் இருந்தது என்றும் தெரியவந்தது. போரில்லாத நாட்டிலும் நிலைமை அமைதியானதன்று. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் பெலிட்டி, அண்டா என்னும் மருத்துவர்கள் சுமார் 17,000 பேரிடம் ஆராய்ந்து 1998 முதல் வெளியிட்ட முடிவுகள், அடி, வசை, குடிகாரர் இருக்கும் வீடு, பெற்றோர் பிரிவு போன்ற இளமைத் துன்பங்கள் மிகுதியும் காணப்படுபவை என்றும், அவை கூடக்கூடப் பிற்கால நோய்களும் கூடுகின்றன என்றும் காட்டின.

பிள்ளையின் உள்ளே நடப்பது ஆசிரியர்க்கு எளிதில் புலப்படுவதில்லை என்பதற்குப் பாலவனத்தத்திற்கு அண்மையிலுள்ள திருச்சுழியே ஒரு சான்று தருகிறது. 1879-இல் அவ்வூரில் பிறந்த வேங்கடராமன் என்னும் சிறுவன் 1892-இல் தந்தையை இழந்து, மதுரையில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தான். 1896 ஆகஸ்டில் ஆங்கில இலக்கணப் பாடம் படித்து வராததற்காக அதை மூன்று முறை எழுதிவரும்படி ஆசிரியர் பணித்தார். எழுதும்போதே ஏட்டைத் தள்ளிவிட்டு எழுந்த அந்த மாணவன் வீட்டை நீங்கித் திருவண்ணாமலை சேர்ந்தான். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என அறிந்தது. ஆசிரியர் தீயவரல்லர், தம் கடமையையே செய்தார். எனினும் அவர் கண்டது படிக்காத பாடம் ஒன்றை மட்டுமே. எல்லாப் பிள்ளையும் ஞானியாவதில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைக்குள்ளும் ஆசிரியர் காணாத ஏதோ ஒன்று நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

மும்மணிகளின் வரிசை

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்பதே மும்மணிகளின் வரிசை. காட்சி இல்லாத ஒழுக்கத்தை நம் ஆசாரியர்கள் நல்லொழுக்கம் என ஏற்பதில்லை. பள்ளிக்கூடமோ மூன்றாவதை முதலில் கேட்கிறது: "ஒழுங்காக இரு, பிறகு கற்பிக்கிறேன், பிறகு, நேரம் இருந்தால், உன்னைக் காண்கிறேன்." வரிசை தலைகீழாகிவிட்டது. பிள்ளைகளின் நடத்தைக்கு உறவின் வழியே விடை தருமாறு ஆசிரியர்களைப் பழக்கும் பயிற்சிகள் இந்த வரிசையை நேராக்க முயல்கின்றன. பிள்ளைகளின் மனவடுவை ஆராய்ந்த புரூஸ் பெரி என்னும் அமெரிக்க மனநல மருத்துவர், முதலில் பிள்ளையின் உடலையும் மனத்தையும் அமைதிப்படுத்து, அடுத்து உறவை உறுதி செய், அதன் பின்னரே அறிவுரை கூறு என்கிறார். எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருக்கும்போது சொல்லும் நீதி, காதில் விழுந்தாலும் மூளையில் பதியாது.

இப்பயிற்சியில் ஆசிரியர்க்குக் கற்பிக்கப்படுவன அரிய வித்தைகள் அல்ல. குரலைத் தாழ்த்துதல், பிள்ளையின் தலைக்கு மேல் நின்று பேசாமல் பக்கத்தில் அமர்தல், தண்ணீர் கொடுத்துச் சற்றுப் பொறுத்தல், "உனக்கு என்ன கேடு?" என்பதை விட்டு "உனக்கு என்ன நேர்ந்தது?" என வினவுதல், சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்து, இவரை நம்பலாம் என்ற எண்ணத்தை நாள்தோறும் ஊட்டுதல், எல்லாவற்றிற்கும் மேலாகத் தம்முள் எழும் சினத்தை எழும்போதே கண்டுகொள்ளுதல். கடைசியில் சொன்னது நமக்குப் புதிதா? பிரதிக்கிரமணம் செய்யும் சிராவகர் மாலையில் திரும்பிப் பார்ப்பதை, ஆசிரியர் அந்தக் கணத்திலேயே பார்க்கப் பழகுகிறார். ஆயினும் நல்ல மனம் இருந்தாலே இது வந்துவிடும் என எண்ணலாகாது. சாமாயிகத்தில் அமரக் கற்றுக்கொள்வது போலக் கற்று, செய்து பார்த்து, தவறினால் திருத்தி, உடன் பணிபுரிவோரோடு கலந்து பேசிப் பழக வேண்டியது. வாயிற்காவலர், சமையலர், அலுவலகப் பணியாளர் ஆகியோரும் பயில வேண்டியது. காயம்பட்ட பிள்ளை வகுப்பறையில் மட்டும் இருப்பதில்லை.

இவ்வகையில் சில முயற்சிகள் நம் அருகிலேயே நடந்துள்ளன. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப் பேரலைக்குப் பின், பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் தமிழகக் கடலோர மாவட்டங்களில் ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சியளித்தனர். ஓவியம், கதை, விளையாட்டு, பாட்டு இவற்றின் வழியே பிள்ளைகள் தம் துயரை வெளிப்படுத்தத் துணைநிற்பது அதன் முறை. இலங்கையின் வடகிழக்கில் ஆசிரியர்களையே தேர்ந்து பயிற்றி ஆற்றுப்படுத்துநர் ஆக்கினர். அங்கே அலைப் பேரழிவுக்குப் பின் மனவடு நோயுற்ற 31 பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநரே துணை செய்தனர். ஒரு சாரார் தம் வாழ்வில் நேர்ந்தவற்றை வரிசையாகச் சொல்லித் தொகுத்தனர். மறுசாரார் தியானமும் உடல் தளர்வும் பயின்றனர். ஆறு மாதம் கழித்து நோக்கியபோது முன்னவருள் 81 விழுக்காட்டினரும் பின்னவருள் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தனர்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து வாலா வாலா என்னும் ஊரில், வேறு பள்ளிகளில் தங்க முடியாத மாணவர்கள் வந்து சேரும் லிங்கன் உயர்நிலைப் பள்ளி இருந்தது. தலைமையாசிரியர் ஜிம் ஸ்போர்லெடர் 2010-ஆம் ஆண்டில் பள்ளியோர் அனைவர்க்கும் இம்முறையில் பயிற்சியளித்தார். தகாத சொல் சொன்ன மாணவனை உடனே வெளியேற்றாமல், அமைதியாக அழைத்து என்ன நேர்ந்தது என்று கேட்கத் தொடங்கினர். அதற்கு முந்தைய கல்வியாண்டில் இடைநீக்கத்தால் மாணவர்கள் இழந்த நாட்கள் 798. அடுத்த ஆண்டில் அது 135 ஆகக் குறைந்தது.

மறுப்புகளும் விடைகளும்

இத்தகைய வெற்றிகளைக் கேட்டு மயங்கிவிடலாகாது. இப்பயிற்சி முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட அறிஞர் குழு ஒன்று, பயிற்சி பெற்ற பள்ளிகளைப் பெறாத பள்ளிகளோடு முறைப்படி ஒப்பிட்டு அளந்த ஆய்வு ஒன்றுகூடத் தம் அளவுகோலுக்குத் தேறவில்லை என்று எழுதியது. ஒரு பள்ளியின் கதை எல்லாப் பள்ளிக்கும் சான்றாகாது. இதை மறையாமல் ஒப்புக்கொள்வதே சத்திய விரதத்திற்கு அழகு. ஆனால் அடிக்காமல் இருப்பதற்கு அஹிம்சை ஆய்வு முடிவை எதிர்பார்த்து நிற்பதில்லை. எந்தப் பயிற்சி எவ்வளவு பயன் தரும் என்பது அளந்து அறிய வேண்டியது. காயம்பட்டவனை மேலும் காயப்படுத்தலாகாது என்பது அளக்க வேண்டாதது.

"காரணம் தெரிந்தால் குற்றம் இல்லை என்றாகிவிடுமா? அடிபட்ட மற்றப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?" என்பது அடுத்த மறுப்பு, எல்லாவற்றிலும் வலியது. நம் வினைக் கொள்கையில் செயலுக்கு நிமித்தம் உண்டு. நிமித்தம் இருப்பதால் வினை கட்டாமல் போவதில்லை. தாயை இழந்த துயரத்தில் தள்ளினாலும் தள்ளுண்டவன் முழங்கால் சிராய்த்தது சிராய்த்ததே. ஆகவே அந்தப் பிள்ளை அமைதியடைந்த பின், தான் செய்ததைத் தானே நோக்கச் செய்ய வேண்டும். நோகச் செய்தவனுக்கு மருந்து போட உதவச் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்க வழிகாட்ட வேண்டும். உள்ளிருந்து எழும் வருத்தமே பழைய வினையை உதிர்க்கும். பிரம்படி அந்த வருத்தத்தை எழவிடாமல் தடுக்கிறது. அடிபட்டவன் தன் தவற்றை மறந்து தன் வலியையே நினைக்கிறான். கணக்குத் தீர்ந்தது என்றும் எண்ணிக்கொள்கிறான்.

ஆசிரியரின் சுமையும் மெய்யானதே. நாற்பது பிள்ளை, முடிக்க வேண்டிய பாடம், தேர்வு விழுக்காடு, இவற்றுக்கிடையே ஒவ்வொரு பிள்ளையின் மனத்தையும் நோக்க நேரம் ஏது? தாங்க முடியாத சுமை ஏற்றுவது அதிசாரம் என்றால், அது ஆசிரியர்க்கும் பொருந்தும். பயிற்சி என்ற பெயரில் ஒரு நாள் கூட்டம் நடத்திவிட்டு முழுப் பொறுப்பையும் அவர் தோளில் வைப்பது முறையன்று. நிர்வாகம் துணையாளரை நியமிக்க வேண்டும். சினம் மிகும் வேளையில் வகுப்பைச் சற்று மற்றொருவரிடம் ஒப்படைக்க வழி இருக்க வேண்டும். ஆசிரியர் மருத்துவரும் அல்லர். காயத்தைத் தோண்டிப் பார்ப்பது அவர் வேலையன்று. நோய் முற்றியது கண்டால் மனநல மருத்துவரிடம் வழிப்படுத்த வேண்டும். கொடுமை நடப்பதாக அறிந்தால் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் உண்டு. பாலியல் கொடுமையாயின் அறிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி ஒவ்வொருவர்க்கும் கட்டாயக் கடமை. அங்கே இரக்கத்தின் பெயரால் மௌனம் காப்பதும் ஹிம்சையே.

கையில் எதை எடுப்பது?

பிரம்பை வைத்துவிட்ட ஆசிரியர் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் மூன்று அவர் கைக்கு ஏற்றவை. முதலாவது உபகூகனம்: பிறர் குற்றத்தை ஊரறியப் பறைசாற்றாமல் மறைத்துத் திருத்துதல். பிரம்மசாரி வேடத்தில் வந்து மணியைத் திருடியவனைப் பலர் முன்னே காட்டிக் கொடாமல், பின்னர்த் தனியே இடித்துரைத்த ஜினேந்திரபக்தர் கதை நாம் அறிந்ததே. வகுப்பின் நடுவில் நிறுத்தி வசைபாடுவதை விட்டுத் தனியே அழைத்துப் பேசும் ஆசிரியர் அவர் வழியில் செல்பவர். இரண்டாவது ஸ்திதிகரணம்: நழுவியவனை மீண்டும் நிலையில் நிறுத்துதல். துறவில் மனம் தளர்ந்த தோழரை வாரிசேணர் விரட்டவில்லை. தாமே உடன் நடந்து சென்று, தம் பழைய வாழ்வையே காட்டித் தெளிவித்து, மீட்டு வந்தார். மாணவனைப் பள்ளியைவிட்டு நீக்குவது எளிது. உடன் நடப்பது அரிது. மூன்றாவது வாத்சல்யம்: கன்றிடம் பசு காட்டுவது போன்ற கைம்மாறு கருதாத அன்பு. நன்றாகப் படிக்கும் பிள்ளையிடம் அன்பு எவர்க்கும் எளிதில் சுரக்கும். முரண்டு பிடிக்கும் பிள்ளைக்கே அது முதலில் வேண்டும்.

நம் சமூகத்தில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பள்ளித் தாளாளராகவும் இருப்போர் இவ்விடுமுறையிலேயே ஒரு செயலைத் தொடங்கலாம். தத்தம் பள்ளியில் வழங்கும் தண்டனைகளைத் தாளில் எழுதி, அவற்றை ஐந்து அதிசாரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடுத்து, பள்ளியோர் அனைவர்க்கும் உரிய பயிற்சிக்கு மனநலம் அறிந்தோரை அழைக்கலாம். ஊர்தோறும் அறச்சபையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். பெற்றோரும் வீட்டில் இதே கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். அதிசாரம் பள்ளிச் சுவருக்குள் மட்டும் நிகழ்வதில்லை.

குறண்டிப் பள்ளி இன்று இல்லை. அங்கே என்ன பாடம் நடந்தது என்பதும் கல்லில் இல்லை. இன்னாரின் மாணாக்கர் நான் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் பெருமையோடு வெட்டிவைத்தது மட்டும் நிற்கிறது. கரிசல் காட்டில் தாயை இழந்து வகுப்பறைக்குத் திரும்பும் பிள்ளையும், நாளை அதே பெருமையோடு ஓர் ஆசிரியரின் பெயரைச் சொல்லுமாறு நாம் நடந்துகொள்வோமாக.